பக்கத்து வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? அமெரிக்காவுக்குக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ அமெரிக்கா வரும் நம்மவர்கள் வீடு, கார், பள்ளிக்கூடம், இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். துப்பாக்கியைப் பற்றி மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்காவது துப்பாக்கிச்சூடு நடந்தால் இரண்டு நாள் வாட்ஸ்அப் குழுவில் பேசுகிறோம், ஊரிலிருந்து அம்மா பதறிப்போய் ஃபோன் செய்கிறார், அப்புறம் விட்டுவிடுகிறோம். ஆனால் இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் சொந்தத் துப்பாக்கி இருக்கிறது, பத்தில் நான்கு பேர் துப்பாக்கி உள்ள வீட்டில் வசிக்கிறார்கள் என்று பியூ ஆய்வு மையம் 2023-இல் எடுத்த கணிப்பு சொல்கிறது. பொதுமக்கள் கையில் இருப்பவை 39 கோடிக்கும் மேல் என்று 2018-இல் ஒரு மதிப்பீடு வந்தது, அதாவது மக்கள்தொகையைவிட அதிகம். உங்கள் மகள் விளையாடப் போகும் வீட்டிலும், உங்களோடு தினமும் மதியம் சாப்பிடும் ஆபீஸ் நண்பர் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். அதனால் அதைப் புரிந்துகொள்வதும், கேட்க வேண்டிய நேரத்தில் கூச்சப்படாமல் கேட்பதும் நமக்கு அவசியம்.

முதலில் செய்ய வேண்டியது, "இவர்களுக்கு ஏன் இந்தத் துப்பாக்கிப் பைத்தியம்" என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவதை நிறுத்துவது. எதிரில் இருப்பவர் எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறார் என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். மான் வேட்டைக்கான ரைஃபிள், கட்டில் பக்கத்து மேஜையில் இருக்கும் கைத்துப்பாக்கி, அரசியல் கூட்டத்துக்குத் தோளில் மாட்டிக்கொண்டு வரும், ராணுவத் துப்பாக்கி போன்ற ஏஆர்-15 ரக ரைஃபிள், இந்த மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

வேட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நமக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாதது அதுதான். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் நவம்பர் என்றால் மான் வேட்டைக் காலம். மிச்சிகனில் ஒவ்வொரு வருடமும் நவம்பர் 15 தொடக்க நாள். பென்சில்வேனியாவில் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கள்கிழமை பல ஊர்களில் பள்ளிக்கே விடுமுறை விடுவார்கள், பிள்ளைகள் அப்பாவோடும் தாத்தாவோடும் காட்டுக்குப் போவதற்காக. அந்த வீடுகளில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ முதல் ரைஃபிள் கிடைப்பது வளர்ந்துவிட்டதற்கான அடையாளம். அது தாத்தா வைத்திருந்த ரைஃபிளாகவே இருக்கும், நம் வீடுகளில் பாட்டியின் அட்டிகை பேத்திக்கு வருவதைப்போல. அந்த மான் கறி குளிர்காலம் முழுக்க ஃப்ரீசரில் இருக்கும், மிஞ்சியதை இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1937-இல் வந்த ஒரு சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 10 முதல் 11 சதவீதம் வரி வசூலித்து, அதை வனவிலங்குப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். "நாங்கள்தான் காட்டைக் காப்பாற்றுகிறோம்" என்று வேட்டைக்காரர் ஒருவர் உங்களிடம் சொன்னால் அவர் சும்மா பேசவில்லை.

இந்த மனிதர்களிடம் பேசுவது சுலபம். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், முதல் முறை போனபோது என்ன வயது என்று கேளுங்கள், போதும். அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட அது மோசம், சிலருக்குச் சந்தேகம்கூட வரும். நவம்பரில் காட்டுப் பாதைகளில் குடும்பத்தோடு நடக்கப் போகிறவர்கள், அங்கே வேட்டைக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், எல்லோரும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டையோ தொப்பியோ போட்டுக்கொள்ளுங்கள். பழுப்பு, வெள்ளை வேண்டாம், மானின் உடம்பும் வாலும் அந்த நிறம்தான்.

பாதுகாப்புக்காக வைத்திருக்கும் துப்பாக்கி வேறு கதை, இப்போது அதுதான் பெரிய கதையும்கூட. 1999-இல் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் முக்கியக் காரணம் கேட்டபோது 49 சதவீதம் பேர் வேட்டை என்றார்கள், 26 சதவீதம் பேர் பாதுகாப்பு என்றார்கள். 2023-இல் 72 சதவீதம் பேர் பாதுகாப்பு ஒரு பெரிய காரணம் என்கிறார்கள். கேள்வி கேட்ட விதம் கொஞ்சம் மாறியிருந்தாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது. ஷெரீஃப் வந்து சேரவே நெடுநேரம் ஆகும் பண்ணை வீடு, தனியாக வாழும் பெண், இரவு ஷிஃப்டில் கடை பார்க்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயத்தை நாம் கேலி செய்யக் கூடாது. ஆனாலும் என் கருத்தை ஒளிக்க மாட்டேன்: வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வந்தால் ஆபத்து பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் திருடனால் அல்ல, வீட்டில் உள்ளவர்களுக்குத்தான். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

மூன்றாவது, சுதந்திரத்தின் அடையாளமாக இருக்கும் துப்பாக்கி. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1775 ஏப்ரல் 18 இரவு பிரிட்டிஷ் படை பாஸ்டனிலிருந்து கான்கார்டு என்ற ஊருக்குக் கிளம்பியது, அங்கே குடியேற்றவாசிகள் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களைப் பறிக்கத்தான். மறுநாள் சுதந்திரப் போரின் முதல் சண்டையே அந்தப் பயணத்தில்தான் மூண்டது. அதனால் அரசு ஆயுதத்தைப் பறிக்க வந்தால் அடுத்து சுதந்திரம் போகும் என்ற எண்ணம் இந்த நாட்டின் பிறப்போடு ஒட்டிக்கொண்டது. 1791-இல் வந்த இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம், ஒழுங்குபடுத்தப்பட்ட குடிமக்கள் படை சுதந்திர நாட்டுக்குத் தேவை என்பதால், ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமை மீறப்படக் கூடாது என்கிறது. அந்த உரிமை படைக்காகவா தனி மனிதருக்காகவா என்று பல தலைமுறைகளாகச் சண்டை. 2008-இல் ஹெல்லர் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், தனி மனிதர் தன் வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று சொன்னது. 2022-இல் ப்ரூயன் வழக்கில் அந்த உரிமை வீட்டுக்கு வெளியேயும் உண்டு என்று வந்துவிட்டது. இன்று 29 மாநிலங்களில் பெரியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம், டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் முதல்.

இப்படி நினைப்பவரோடு பேசும்போது சட்டத்தை வைத்து வாதம் செய்து ஜெயிக்க முடியாது. எனக்கு இங்குள்ள சட்டங்கள் போதவே போதாது என்ற எண்ணம் உண்டு, கேட்டால் சொல்வேன். ஆனால் வாதத்தை ஆரம்பிப்பதற்கு முன், உங்களுக்கு எது பறிபோகும் என்று பயமாக இருக்கிறது என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் துப்பாக்கியைவிடப் பெரிய ஏதோ ஒன்று வெளியே வரும்: மூடிப்போன ஆலை, ஆள் குறைந்த ஊர், தங்களைத் தாழ்வாக நினைக்கும் நகரத்து ஆட்கள். அதைக் கேட்டுக்கொண்டாலே பாதி மரியாதை கிடைத்துவிடும்.

அதே உரிமை எல்லோருக்கும் ஒரேபோல் கிடைக்கவில்லை என்பதையும் தெரிந்து வைத்திருங்கள், இதைப் பலர் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-லேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1967 மே மாதம், கறுப்பர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் துப்பாக்கிகளோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் போனார்கள். அந்த ஆண்டே, பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை எடுத்துப் போவதற்குத் தடை வந்தது, அதில் கையெழுத்திட்டவர் அப்போது அந்த மாநில ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன். 2016 ஜூலை 6 அன்று மின்னசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் காரோடு நிறுத்தினார். உரிமம் பெற்ற துப்பாக்கி தன்னிடம் இருப்பதை அவர் தானாகவே, மரியாதையாகச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் நான்கு வயதுக் குழந்தை ஒன்றும் இருந்தது. நீங்கள் பேசும் கறுப்பின நண்பருக்குத் துப்பாக்கி என்றால் தற்காப்பும் அதுதான், உயிருக்கு ஆபத்தும் அதுதான். அவரிடம் பேசும்போது இது மனதில் இருக்கட்டும்.

கடைசியாக, துக்கத்தின் துப்பாக்கி. அது நமக்கும் அந்நியமில்லை. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கொல்லப்பட்ட 32 பேரில் ஒருவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன், கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பிறந்தவர், நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே சுடப்பட்டார். சுட்டவனால் அவனுக்கே ஆபத்து என்று நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தும், அந்தத் தகவல் துப்பாக்கிக் கடைக்காரர் சரிபார்க்கும் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்த பிறகும், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பதை விரிவாக்கும் மசோதா செனட்டில் 54 வாக்கு வாங்கியும் தோற்றது, 60 தேவைப்பட்டதால். 2022 மே மாதம் டெக்ஸாஸின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்த பிறகுதான் குறிப்பிடத்தக்க ஒரு மத்திய சட்டமாவது வந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது இப்படி ஒருவரை இழந்தவராக இருக்கலாம், அதனால் துப்பாக்கியை வைத்து விளையாட்டாகப் பேசுவதை விட்டுவிடுங்கள். பள்ளியிலும் விமான நிலையத்திலும் அப்படிப் பேசினால் போலீஸே வரும்.

சரி, இனி அன்றாடத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது கேட்கும் கேள்வி. 2020 முதல் இந்த நாட்டில் பிள்ளைகளும் பதின்வயதினரும் இறப்பதற்கு முதல் காரணமே துப்பாக்கிதான், அதுவரை கார் விபத்துகள் முதலிடத்தில் இருந்தன. "துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா" என்று கேட்டால் வழக்குப் போடுவதுபோல இருக்கும், அதனால் பூட்டைப் பற்றிக் கேளுங்கள்: வீட்டில் பூட்டாமல் வைத்த துப்பாக்கி ஏதாவது உண்டா? இதைத் தனியாகக் கேட்காமல், மற்றக் கேள்விகளோடு சேர்த்து மெசேஜில் அனுப்புவது எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்கிறது. மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, நாய் என்றால் பயம், அப்புறம் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள், எல்லோரிடமும் கேட்பதுதான், தப்பாக நினைக்க வேண்டாம், என்று. பொறுப்பாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை. சேஃபில் பூட்டியிருக்கிறது, தோட்டா வேறு இடத்தில் என்று உடனே சொல்வார்கள், சிலர் கேட்டதற்கு நன்றியும் சொல்வார்கள். பதில் மழுப்பலாக இருந்தாலோ, பீரோ மேல்தட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்குத் தெரியாது என்று வந்தாலோ, சண்டை எதுவும் வேண்டாம், இந்த முறை நம் வீட்டில் விளையாடட்டுமே என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு எல்லா மறைவிடமும் தெரியும். பண்டிகைப் பலகாரத்தை ஒளித்து வைத்த எந்த அம்மாவுக்கும் இது தெரியாமலிருக்காது.

சொந்தக்காரர், தமிழ்ச் சங்க நண்பர் வீடுகளிலும் இதைக் கேட்க வேண்டும். அங்கேதான் நமக்கு நாக்கு எழாது, ஆனால் நம்மவர்களிலும் துப்பாக்கி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்: எங்கேயாவது துப்பாக்கியைப் பார்த்தால் தொடாதே, அந்த இடத்தை விட்டு வா, பெரியவர்களிடம் சொல். யாராவது விளையாட்டுத் துப்பாக்கி என்று சொன்னாலும் அதேதான். ஊரிலிருந்து வாங்கி வரும் கேப் வெடிக்கும் தீபாவளித் துப்பாக்கியை விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், இங்கே பூங்காவிலும் தெருவிலும் வைத்து விளையாட விடாதீர்கள். 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கியோடு பூங்காவில் இருந்த 12 வயதுப் பையனைப் போலீஸ் வந்த சில நொடிகளில் சுட்டுவிட்டது.

யாராவது துப்பாக்கியோடு நுழைந்தால் ஒளிந்துகொள்வதற்கான ஒத்திகை, லாக்டவுன் டிரில், பள்ளியில் நடக்கும், ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும்தான். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் சத்தமில்லாமல் உட்காரவைப்பார்கள். எப்போது நடக்கும், முன்கூட்டியே தெரிவிப்பீர்களா என்று பள்ளியில் கேட்டு வையுங்கள். அன்று சாயங்காலம் பிள்ளையிடம் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேளுங்கள், அது சொல்லும் அளவுக்கு மட்டும் பேசுங்கள். பெரிய செய்தி வந்த நாட்களில் ஊரிலிருந்து தாத்தா பாட்டி ஃபோன் செய்தால் ஸ்பீக்கரில் போடாதீர்கள். அவர்கள் அழுவதைக் கேட்டால் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்குப் போகவே மறுக்கும்.

தெரியாத வீட்டின் கதவு விஷயத்திலும் கவனம் வேண்டும். 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில் யோஷிஹிரோ ஹத்தோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்கு விலாசம் மாறி வேறு வீட்டுக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் நில் என்று கத்தியும் அவன் தொடர்ந்து முன்னால் வந்தான், சுடப்பட்டு இறந்தான். சுட்டவரை நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. தன் வீட்டில் தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதம் எடுக்கும் உரிமைக்குப் பல மாநிலச் சட்டங்கள் நிறைய இடம் கொடுக்கின்றன. அதனால் விலாசத்தை உறுதி செய்துகொண்டு போங்கள், இரவில் சந்தேகம் வந்தால் காரிலிருந்தே ஃபோன் செய்யுங்கள், அறிமுகமில்லாதவர் வீட்டுப் பாதையில் காரைத் திருப்ப வேண்டாம், யாராவது சத்தம் போட்டால் உடனே நின்று இரண்டு கையும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் காரை நிறுத்தினாலும் இதே பழக்கம்தான்: இறங்கக் கூடாது, கைகள் ஸ்டீயரிங் மேல், காகிதம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் சொல்லிவிட்டு எடுப்பது. நம் ஊரில் மரியாதைக்காக இறங்கிப் போய்ப் பேசுவோம். இங்கே அது தப்பாகப் போய் முடியலாம், புதிதாக வரும் அப்பா அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆபீஸ் நண்பர் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு, கூப்பிட்டால்? அது அவர்கள் வழக்கத்தில் ஒரு நட்பான அழைப்பு, பிடிக்காவிட்டால் எனக்கு விருப்பமில்லை என்று சொன்னால் போதும். போக நினைத்தால் முதலில் விசாவைப் பாருங்கள். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டத்தில் தடை உண்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதுகூட இதில் சிக்கும். மாணவர் தகுதியை இழந்த பிறகு புளோரிடாவில் ரேஞ்சில் சுட்ட ஒருவர் வழக்கில் மாட்டி, அது 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், நண்பர் சொன்னார் என்று நம்பாதீர்கள். போனால் காதுக்கும் கண்ணுக்கும் கவசம் போட்டு, ஒவ்வொரு துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினைத்து, சுடும் நேரம் வரை விரலை விசைக்கு வெளியே வையுங்கள். ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட வேண்டாம்.

சொந்தமாக வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் அடுத்ததைத் தயவுசெய்து முழுதும் படியுங்கள். 2021-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், பாதிக்கும் மேல். செய்தியில் வருவது பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூடு, செய்தியில் வராதது இது. ஒரு மோசமான இரவில் கையருகே துப்பாக்கி இருந்தால் மனம் மாற நேரமே கிடைப்பதில்லை, மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். வேலை போய், விசாவுக்கு 60 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது தனியாக இருக்கும் நண்பர், பிரசவத்துக்குப் பிறகு தூங்காத பெண், பேச்சையே குறைத்துவிட்ட பதின்வயதுப் பையன், இவர்களில் யார் வீட்டிலாவது துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் நேராகக் கேளுங்கள், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சில காலத்துக்குத் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே வைக்கலாமா என்று பேசுங்கள், பல ஊர்களில் துப்பாக்கிக் கடைகளும் காவல் நிலையங்களும் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. துப்பாக்கியில் மாட்டும் கம்பிப் பூட்டு பல காவல் நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம், நண்பருக்காக நீங்களே அழைத்து என்ன செய்வது என்று கேட்டாலும் உதவுவார்கள்.